காசு போதவில்லை என்று எழுதிய மகனுக்கு

தம்பி, இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். அங்கே நீங்கள் இரண்டு பேரும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மழை பெய்கிறது. இதற்கு மேல் நலம் விசாரித்தால் தாள் தீர்ந்துவிடும், ஆகையால் விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் வந்தது. உன் தங்கச்சி அஞ்சலை வாசித்துக் காட்டினாள். பட்டணத்தில், புந்தோங்கில் அறை பிடித்து, தெலுக் ஆன்சனிலிருந்து மருமகளை அழைத்து வந்து, குடித்தனம் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் ரயில் கொட்டகைச் சம்பளம் மாதக் கடைசிவரை நீளமாட்டேன் என்கிறது, காசு போதவில்லை, தோட்டத்தில் இதைவிடக் குறைந்த சம்பளத்தில் எங்களை எப்படி வளர்த்தாய், சொல்லிக் கொடு என்று எழுதியிருந்தாய். கேட்ட வரைக்கும் நல்லது. உங்கப்பா என்னோடு இருந்த காலமெல்லாம் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்றைக்கு வேலை இல்லாத நாள். நான் சொல்லச் சொல்ல அஞ்சலை எழுதுகிறாள். பேசுகிற மாதிரி எழுதாதே, வாத்தியார் சொல்லிக் கொடுத்த மாதிரி எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

(அண்ணே, நான் அஞ்சலை. இப்படி அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். ஆத்தாவுக்கு எழுத்தே தெரியாது, அடைப்புக்குறி எங்கே தெரியப் போகிறது. வாத்தியார் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் இன்றைக்குத்தான் ஒன்று உபயோகப்படுகிறது.)

முதலில் அடுப்பு. அங்கே ஒரு நாளைக்கு எத்தனை தீக்குச்சி உரசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே நம் லயத்தில் ஒரே கூரைக்கடியில் வரிசையாக இருக்கிற அத்தனை வீட்டுக்கும் காலையில் ஒரு குச்சிதான் என்பது உனக்கு நினைவிருக்கும். முதலில் எழுந்தவள் உரசுவாள், மற்றவர்கள் கொட்டாங்கச்சியில் அவள் அடுப்பிலிருந்து தணல் வாங்கிக்கொண்டு போவோம். நான் முதலில் எழுகிறவள் இல்லை. எழ முடியாமல் இல்லை, முழித்துக்கொண்டு படுத்திருப்பேன். எவள் வீட்டில் புகை வருகிறது என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன். இந்தப் புத்தி எனக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பார்த்தால் எல்லாப் பெண்களும் அப்படியே முழித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இருட்டில் ஒருத்திக்காக ஒருத்தி காத்திருந்து, பெரட்டு மணியே அடித்துவிட்டது. ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்கு எங்கள் லயத்திலிருந்து ஒரு ஈ போகவில்லை. கங்காணி தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்று, என்னாங்கடி, ஒரு வீட்லயும் பொகையக் காணோம், யாராச்சும் செத்துட்டாங்களா என்று கேட்டார். உங்கப்பா எழுந்து உட்கார்ந்து, நிதானமாக ஒரு குச்சியை உரசிச் சுருட்டைப் பற்ற வைத்தார். அந்தச் சுருட்டு நுனியில்தான் நான் அடுப்பு மூட்டினேன். என் அடுப்பிலிருந்து லயம் முழுக்க மூட்டியது. அன்றைக்கு எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் போயிற்று. ஆகையால் மருமகளிடம் சொல், பக்கத்து அறைக்காரியிடம் தணல் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் முழிப்பு வந்துவிட்டால் உரசிவிட வேண்டும்.

(ஒரு குச்சியை பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பதையும் எழுதச் சொன்னாள். நான் ஒரு தடவை நாலாகப் பிளந்து பெட்டியில் அடுக்கி வைத்தேன். ஒன்றும் பற்றவில்லை. தீக்குச்சி பற்றவில்லை, ஆத்தாதான் பற்றிக்கொண்டாள். உனக்கு நினைவிருக்கும், என்னைத் துரத்திக்கொண்டு ரப்பர்ப் பால் ஸ்டோர் வரைக்கும் ஓடி வந்தாள்.)

அடுத்தது அரிசி. உலையில் போட அளந்த பிறகு ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடச் சொல். எடுத்தது அடுப்புக்கும் தெரியாது, வயிற்றுக்கும் தெரியாது. மாதக் கடைசியில் அந்தப் பானையைத் திறந்தால் இரண்டு மூன்று வேளை இருக்கும். இதை நீ வேலைக்குப் போன பிறகு அவள் தனியாகச் செய்யக் கூடாது; உனக்குத் தெரிந்து, உன் பங்கிலும் சேர்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய பிடி அது என்று பிறகு தெரியாமல் போய்விடும். சவுக்காரக் கட்டியை வாங்கிய அன்றைக்கே நூலால் துண்டு போட்டு வெயிலில் காய வை. ஈரச் சவுக்காரம் தண்ணீரைப் பார்த்தவுடன் கரைந்து ஓடும், காய்ந்தது பொறுமையாகக் கரையும். காய்கறிக்குக் காலையில் பாசாருக்குப் போகாதே. கடை கட்டுகிற நேரத்துக்குப் போ. முட்டைக்கோசின் மேல் இலையைச் சீனக் கடைக்காரர்கள் உரித்துக் கீழே போட்டிருப்பார்கள். அதைக் கோழிக்கு என்று கேட்டு வாங்கு. உன் வீட்டில் கோழி இல்லை என்று அவர்கள் வந்து பார்க்கப் போவதில்லை.

துணியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயே உடுத்திப் பார்த்தவன். கோதுமை மாவுச் சாக்கை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அடித்துத் துவைத்தால் எழுத்து போய்விடும் என்று சீனத் தவுக்கே கடையில் சொன்னார்கள். எழுத்து போயிற்று. அதில் அச்சடித்திருந்த சேவல் போகவில்லை. நான் சேவல் இருக்கிற துண்டை ஒதுக்கிவிட்டுச் சட்டை தைத்திருக்கலாம், அப்படித் தைத்தால் கைக்குத் துணி பற்றாது. சேவல் உன் முதுகில் நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைப் பார்த்துக் கூவினார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தாய். நான், கூவினா கூவட்டும், உனக்கென்ன, முட்டையா போடச் சொன்னாங்க என்று கேட்டேன். அது சரியான பதில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு வேறு பதில் கையில் இல்லை. சட்டை மூன்று வருஷம் உழைத்தது.

உங்கப்பாவால் ஒரு காசு மிச்சமானதில்லை. சம்பளத்தன்று சுங்கை சிப்புட் போனால் கையை வீசிக்கொண்டு திரும்பத் தெரியாத மனிதர். ஒரு தடவை ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு வந்தார், நினைவிருக்கிறதா. மரத்தூளில் பொதிந்து, சாக்கில் சுற்றி, வெயிலில் ஆறு மைல் தலையில் வைத்து நடந்து வந்தார். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, வழியெல்லாம் அதைத் தோட்டத்துக்கு ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தபோது ஒரு கொய்யாக்காய் அளவு மிச்சமிருந்தது. அதைப் பாறாங்கல்லில் உடைத்து நாலு பங்கு போட்டார். நான் ஏச ஆரம்பித்தேன். அவர், சாப்டுட்டுத் திட்டு, கரைஞ்சுரும் என்றார். நீ, அஞ்சலை, அவர், மூன்று பேரும் சப்பினீர்கள், அஞ்சலை பல் கூசி ஆடினாள். நான் என் பங்கைத் தொடவில்லை. பிறகு பிள்ளைகளுக்கு ஆகும் என்று எடுத்து டம்ளரில் வைத்தேன். திட்டி முடித்துப் பார்த்தபோது டம்ளரில் தண்ணீர் இருந்தது. அதையும் கொட்டவில்லை. அரிசி களைந்தேன்.

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. செலவைப் பற்றிச் சொல்லும்போது அவர் நினைவு வருகிறது, அவ்வளவுதான்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும், உயிர் போன அன்றைக்கு நடந்தது தெரியாது. நீ வந்தபோது கேட்டாய், நான் சொல்லவில்லை. காய்ச்சல் அதிகமாயிருந்த போதும் என்னை வேலைக்குப் போகச் சொன்னார். ஏற்கனவே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வேலை, கெடச்ச நாள விட்டுறாத என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு அதற்கு முன் வந்ததில்லை. போனேன். மரமெல்லாம் பால் வெட்டி முடித்து, பாலைச் சேர்த்துக்கொண்டு வரும் வழியில் சேதி வந்தது. இரண்டு வாளியும் தோளில் இருந்தன. ஸ்டோரில் பாலை அளந்து கொடுத்தால்தான் அந்த நாள் நமக்கு. நான் வாளியை இறக்கி வைக்கவில்லை. ஸ்டோருக்குப் போனேன், வரிசையில் நின்றேன், அளந்து கொடுத்தேன், வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன், பிறகு போனேன். முடிந்திருந்தது. நேராகப் போயிருந்தாலும் முடிந்துதான் இருக்கும் என்று ஆஸ்பத்திரிக்காரர் சொன்னார். இருக்கலாம். அந்த நாளுக்கு எனக்குச் சம்பளம் வந்தது. மற்ற நாள் சம்பளத்தோடு கலந்துவிட்டது, எது அந்த நாள் காசு என்று தெரியவில்லை. தெரிந்தால் தனியாக எடுத்து வைத்திருப்பேன். இதில் உனக்குச் சொல்ல எனக்குப் புத்தி ஒன்றும் இல்லை.

(இதைச் சொல்லும்போது ஆத்தா முகத்தில் ஒன்றும் இல்லை, அண்ணே. சவுக்காரத்தைப் பற்றிச் சொன்ன அதே குரல். கூடவே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கும் இது இப்போதுதான் தெரியும்.)

விளக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்கள் இப்போது விளக்கு ஏற்றுவதில்லை. சோறு இருக்கிற இடம் கைக்குத் தெரியும், வாய் இருக்கிற இடமும் தெரியும். அஞ்சலை முகம் எனக்குத் தெரிந்த முகம், என் முகம் அவளுக்குத் தெரிந்த முகம். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. மண்ணெண்ணெய் போன மாதம் வாங்கியது அப்படியே இருக்கிறது. நீங்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், உங்களுக்கு இது வேண்டாம். ஏற்றி வைத்துச் சாப்பிடுங்கள். திரியை மட்டும் தாழ்த்தி வையுங்கள்.

(அண்ணே, இதைக் கேள். அப்பா போனதிலிருந்து ஆத்தா என்னைத் திட்டுவதில்லை. நானும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். இருட்டில் அவள் தட்டில் என் கருவாட்டு முள்ளையெல்லாம் போட்டேன், ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். தண்ணீர்ப் பானைக்குள் தவளையைப் பிடித்து விட்டேன். முன்பு என்றால் விளக்குமாறு பறந்திருக்கும். இப்போது கையை விட்டுத் தவளையை எடுத்து, வாசலில் விட்டுவிட்டு, வந்து தண்ணீரை மொண்டு உலை வைத்தாள். ஏண்டி என்றுகூடக் கேட்கவில்லை. நான் அடுப்படியில் நின்று அடிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.)

கடைசியாக ஒன்று. இருப்பதில் பெரிய மிச்சம் இதுதான், அதனால் கடைசியில் வைத்தேன். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் ஆளைக் குறைக்கிறார்கள். பாதி மரங்களைப் பால் வெட்டாமல் சும்மா விட்டிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்ப இஷ்டப்படுகிறவர்களைச் சர்க்கார் தன் செலவில் அனுப்புகிறதாம். இங்கிருந்து லாரி, பினாங்குவரை ரயில், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல், வழியெல்லாம் சோறு, எல்லாம் இலவசம். ஆபீசில் கிராணி பெயர் எழுதிக்கொள்கிறார். உன் கடிதம் வந்த மறுநாள் போய் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வரும்போதும் நான் கப்பலுக்குக் காசு கொடுக்கவில்லை, கங்காணி கூட்டிக்கொண்டு வந்தார். போகும்போதும் கொடுக்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் மிச்சம். இந்த மாதம் சம்பளம் போட்ட மறுநாள் லாரி வரும்.

அஞ்சலையை உன்னிடம் விடுகிறேன். தின்கிற அளவுக்கு வேலையும் செய்வாள். வாயைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் செய்வாள். மருமகளுக்குக் கூடமாட இருப்பாள், பிறகு நீ பார்த்து ஒருவனுக்குக் கட்டிக் கொடு. அங்கே ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பாய். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். இப்போது இருக்கிறானா என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு தபால் போட வேண்டும். நேரில் போனால் அந்தத் தபால் காசும் மிச்சம்.

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன், அண்ணே. ஆத்தா பெயர் கொடுத்ததே எனக்கு இப்போதுதான் தெரியும். மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள், மருந்தா இது.

"எழுதுடி" என்றாள்.

"பேனா ஓடல."

"மை இல்லியா?"

"மை இருக்கு. கைதான் இல்ல."

அதற்கும் திட்டவில்லை. கீரைத் தண்டை ஒரு பக்கம், இலையை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டே, "ஒன் அண்ணன் ஒத்த ஆளு சம்பளம். ரெண்டு வயிறு நெறையாம எழுதியிருக்கான். அதுல நாலாவது வயிறா நான் எங்க போயி ஒக்காருறது?" என்றாள். என்னை மூன்றாவது வயிறாகக் கணக்கில் வைத்திருக்கிறாளாம்.

அண்ணே, அப்பா காரியம் முடிந்த அன்றைக்கு நீ இவளிடம், என்னோடு வந்துடு ஆத்தா என்று சொன்னாய். பார்ப்போம் என்றாள். நீ அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ திரும்பிப் போன அந்த வாரமே கோழிகளை விற்றுவிட்டாள், தெரியுமா. அம்மிக்கல்லைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பேசி வைத்தாள். பெட்டிக்குப் புதுக் கயிறு திரித்தாள். ஆத்தா பார்ப்போம் என்றால் மூட்டை கட்டுகிறாள் என்று அர்த்தம். நாங்கள் புந்தோங்குக்கு வர இருந்தோம். அப்போது உன் கடிதம் வந்தது. காசு போதவில்லை என்று நீ எழுதினாய். வராதே என்று அவள் காதில் விழுந்தது. நான்தான் அதை வாய்விட்டு வாசித்தேன். ஒரு வரியை முழுங்கியிருக்கலாம். எவ்வளவோ குறும்பு செய்கிறவள், செய்ய வேண்டிய நேரத்தில் ஒழுங்காக வாசித்துத் தொலைத்தேன்.

அவளுக்கு ஊருக்குப் போக ஆசையே இல்லை. இலவசமாகக் கொடுக்கிறார்கள், அதை விட மனசில்லை, அவ்வளவுதான். இலவசமாக ஆனை கொடுத்தாலும் லயத்துக்குள் கட்டி வைப்பாள். நீ சம்பள நாளுக்குள் வா. வந்து திட்டு, அழு, என்ன வேண்டுமானாலும் செய். எனக்கு உன் வீட்டில் இடம் கொடுப்பதாக இருந்தால் அவளுக்கும் கொடு. தனியாக நான் வரமாட்டேன். தவளையோடு இருந்துகொள்வேன்.)

இவ்வளவுதான் தம்பி, எனக்குத் தெரிந்தது. மருமகளைக் கேட்டதாகச் சொல். ஒன்றும் வாங்கி அனுப்பாதே. உடம்பைப் பார்த்துக்கொள், வைத்தியச் செலவு பெரிய செலவு.

(கடிதம் முடிந்துவிட்டது, ஆனால் முடியவில்லை. மடிக்கப் போனபோது ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னது ரெண்டு தாளு தாண்டாதே. இந்த மூணாவது தாளு ஏது?" என்று கேட்டாள். எழுத்துத்தான் தெரியாது, தாள் தெரிகிறது. எழுத்து பெரிசாகப் போய்விட்டது என்றேன். "ஒன் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்னு வாத்தியார் சொன்னாரு. வாசி" என்றாள்.

பொய்யாக வாசித்திருக்கலாம். வாயில் வந்தது. ஆனால் வரியைப் பார்த்தபோது இருந்ததைத்தான் வாசித்தேன். அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாசித்தேன். தவளையை, கோழியை, அம்மியை, மூட்டையை, எல்லாவற்றையும். ஆத்தாவின் கீரை ஆய்கிற கை நின்றிருந்தது. முடித்த பிறகு கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் அடி" என்றாள்.

"அடிச்சா அடிக்கிற மையும் வீணு ஆத்தா. எழுதுன மையும் வீணு. புதுசா எழுதணும்னா இன்னும் ரெண்டு தாளு."

யோசித்தாள். அண்ணே, உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தாள். கணக்குப் போடுகிற முகம் எனக்குத் தெரியும், அப்பா போன பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.

கிராணி ஆபீசில் பெயர் எழுதக் காசு வாங்கவில்லை, பெயரை எடுக்கவும் காசு வாங்கமாட்டார்கள் என்று நான் சொன்னேன். ஆத்தா, உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுத்து வருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே பானை மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து, "அஞ்சல, புந்தோங்ல அரிசி என்ன வெலன்னு கேட்டு ஒரு வரி எழுது" என்றாள்.

கேட்டு எழுதிவிட்டேன். புந்தோங்கில் அரிசி என்ன விலை? உடனே பதில் போடு, சம்பள நாளுக்கு முன்னால் வந்து சேர வேண்டும். உண்மை விலையைப் போடாதே, அண்ணே. குறைத்துப் போடு. ரொம்பவும் குறைத்துவிடாதே, ஆத்தா நம்பமாட்டாள்.)